என் கைக்கு அடங்கின ரிவால்வர்

பருத்திப்பட்டு ஏரிக்குக் கீழே எங்களுக்கு ஆறு காணி நிலம். பாதியில் நெல், பாதியில் வேர்க்கடலை. விடிந்ததும் மடை திறக்கப் போகிறவர் தோளில் மண்வெட்டி இருக்கும், காலடியில் விரியன் இருக்கும். கடலை முற்றுகிற மாதங்களில் நரியும் வரும். வீட்டில் மாமனார் காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதில் மருந்து கொட்டிக் கம்பியால் கிட்டித்துத் தோளுக்குத் தூக்குவதற்குள் நரி திருமழிசை போய்ச் சேர்ந்துவிடும் என்பார் என் வீட்டுக்காரர். மண்வெட்டியையும் துப்பாக்கியையும் ஒரே தோளில் சுமக்கவும் முடியாது. அதனால் இடுப்பில் செருகிக்கொள்கிற மாதிரி ஒரு ரிவால்வர் வேண்டும் என்று சைதாப்பேட்டை கலெக்டர் கச்சேரிக்கு மனு போட்டார். மாமனார் ஊர் மணியக்காரர் என்பதால் லைசென்ஸ் கிடைத்தது. ஜெர்மன்காரனோடு இரண்டாவது பெரிய சண்டை வருவதற்கு முந்தின வருஷம் அது.

எனக்குக் கலியாணமாகி மூன்று வருஷம். வீட்டில் பதினோரு பேர். பகலில் நானும் அவரும் பேசிக்கொள்கிற வழக்கமே கிடையாது. சோறு வேண்டுமா என்று கேட்பதாக இருந்தாலும் நான் ஓரகத்தியிடம் சொல்வேன், ஓரகத்தி அவரிடம் கேட்பாள். மூன்று வருஷத்தில் அவர் முகத்தை நான் வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தது பத்துத் தடவை இருக்காது. அவர் வயலுக்குப் போகிறபோது முதுகைத்தான் பார்ப்பேன். நடக்கும்போது இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்.

குழந்தை இல்லையே என்று திருவல்லிக்கேணி கோயிலுக்கு வேண்டிக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் மாமியார் அனுப்பி வைத்தார். அன்றைக்கே மவுண்ட் ரோட்டில் துப்பாக்கியும் வாங்கிவிடலாம் என்று இவர் சொன்னார். ஆவடி ஸ்டேஷனுக்கு ஏரிக்கரை மேலேயே நடந்தோம். அவர் முன்னால், நான் பத்தடி பின்னால். ஊர் கண்ணில் படாத இடம் வந்ததும் நின்றார்.

"சின்னதா ஒண்ணு பாக்கலாம்னு கீறேன். உன் கைக்கும் அடங்கறாப்பல. அப்பால நீயும் சுடக் கத்துக்கோ."

நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன்.

"நான் குனிஞ்சி மடைய தொறக்கறப்போ பின்னாடி ஒருத்தர் பாத்துக்கினு இருந்தா நல்லது. கூலிக்காரன் தூங்கிடறான். டெய்லி காத்தால நீ கூட வா. எங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

தினமும் காலையில் அவர் கூட. எனக்கு அது போதும் என்றிருந்தது. ரயிலில் பெண்கள் பெட்டியில் தனியாக உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு போனேன். கோயிலில் சாமியிடம் பிள்ளை கேட்க வேண்டியவள், அதை இரண்டாவதாகத்தான் கேட்டேன்.

கடையில் கண்ணாடிப் பெட்டி மேல் பச்சைத் துணி விரித்திருந்தது. கடைக்காரர் வயசான சாயபு. எதற்கு வேண்டும், எங்கே வைத்துக்கொள்வீர்கள், மாடு பக்கத்தில் இருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு, கனமானது, குழல் அளவு முப்பத்திரண்டு என்றார். இன்னொன்று மரப்பிடி போட்ட சின்னது, இருபத்திரண்டு.

"பாம்பு நரிக்கு இந்த சின்னது தாராளம்பா. சத்தம் கம்மி, மாடு மெரளாது. தூக்கியடிக்காது. ஈரத்துல வேலை செய்றவன் நீ, டெய்லி எண்ணெ தொட்டுத் தொடச்சி வெச்சா போதும்."

இவர் அதை வாங்கி என் பக்கம் நீட்டினார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். சோற்றுக் கரண்டியை விடக் கொஞ்சம்தான் கனம். என் விரல் சுடுகிற குதிரை வரைக்கும் சரியாக எட்டியது. வெறுமனே அழுத்தினால் ஊசி தேய்ந்துவிடும் என்று சாயபு காலித் தோட்டாக்களைப் போட்டுக் கொடுத்தார். அழுத்தினேன். டக்கென்றது. உருளை ஒரு கண்ணி சுற்றியது. இன்னொரு தரம் அழுத்தினேன். இவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், லேசாகச் சிரித்தார் என்றுகூட நினைக்கிறேன்.

பக்கத்தில் தலைப்பாகை கட்டிய பெரிய மனிதர் ஒருவர் தன் துப்பாக்கியைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தார். இரண்டு ஆட்களும் கூட இருந்தார்கள்.

"இன்னா நைனா, காக்கா ஓட்டவா வாங்கற," என்றார். "அத்த இடுப்புல சொருவிக்கினு போனா நரி சிரிக்கும். ஆம்பள வெக்கிறது அந்தக் கறுப்பு."

ஆட்கள் சிரித்தார்கள். இவருக்குக் காது சிவந்துவிட்டது. கறுப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ இன்னா சொல்ற?" என்றார்.

என்னிடம் கேட்டார். அத்தனை பேர் முன்னால், பகலில். கடையில் இருந்த எல்லா ஆண்களும் என் பக்கம் திரும்பினார்கள். சின்னது என் கையில்தான் இருந்தது. இதுதான் வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. அதைத் துணி மேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறபோது மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்பார்கள். பெண் தலையைக் குனிந்தால் சரி என்று அர்த்தம். அதற்குப் பிறகு தாம்பூலம் மாற்றிவிடுவார்கள். என்னையும் அப்படித்தான் கேட்டார்கள், நானும் அப்படித்தான் குனிந்தேன். அன்றைக்கு மனசும் சரி என்றுதான் சொன்னது.

கடையில் இவர் அதே அர்த்தம்தான் எடுத்துக்கொண்டார். "கறுப்பையே போடுங்க," என்றார். சாயபு என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, லைசென்ஸ் புத்தகத்தில் கறுப்பின் நம்பரை எழுதினார். அவர் எழுதி முடிக்கிறவரை நான் சின்னதின் மரப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது ஏரிக்கரையில் வெயில் சாய்ந்திருந்தது. அங்கே யாரும் இல்லாததால் எனக்கு வாய் திறந்தது.

"அந்த சின்னது நல்லா இருந்துச்சு."

அவர் நின்றுவிட்டார். "அத்த அங்கியே சொல்றதுக்கு இன்னா?"

"அத்தினி ஆம்பளைங்க எதுர்ல எப்டிங்க சொல்றது."

"தலைய குனிஞ்சியே. சரின்றன்னு நெனச்சிக்கினேன்."

"வேற இன்னா பண்றதுன்னு தெரில."

மறுபடி நடக்க ஆரம்பித்தார். "நான் உன் தலையப் பாத்துட்டேன். கையப் பாத்திருக்கணும்," என்றார். நம்பர் ஏறிவிட்டதால் திரும்பக் கலெக்டர் கச்சேரியில் மனு போட்டால்தான் மாற்ற முடியும், அறுப்பு முடிந்ததும் போடுகிறேன் என்றார்.

அதற்குள் இதையே பழக்கிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் காலையில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் கூட்டிப் போனார். பனங்கொட்டை ஒன்றை வரப்பில் வைத்தார். குதிரையை இழுக்க என் ஒரு விரல் போதவில்லை, இரண்டு விரலும் போதவில்லை. அவர் பின்னால் நின்று என் கை மேல் கை வைத்து அழுத்தினார். அவர் கை காய்த்துப்போயிருந்தது, மண் வாசனை வந்தது. பனங்கொட்டை அப்படியே இருந்தது. சத்தத்தில் தோப்போரம் கட்டியிருந்த எங்கள் மாடு இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து நிலத்துக் கடலையில் இறங்கிவிட்டன. என் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"இன்னாடா," என்றார் மாமியார், "பொண்டாட்டிய பட்டாளத்துல சேக்கப் போறியா? நம்ம ஊட்டு மாட்ட யாரு புடிப்பா, நீயா, அவளா?"

ஓரகத்தி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே, "வலிக்குதா, இல்ல வெக்கமா கீதா?" என்று என் காதில் சொல்லிச் சிரித்தாள். அத்தோடு நான் தோப்புக்குப் போவது நின்றது.

மனுவுக்கு உத்தரவு வர ஒரு வருஷம் ஆனது. உத்தரவு வந்தபோது சண்டையும் வந்துவிட்டது. சின்னது விற்றுப்போயிருந்தது. சீமையிலிருந்து கப்பல் வந்தால்தான் அடுத்தது, வந்ததும் எடுத்து வைக்கிறேன் என்று சாயபு சொன்னாராம்.

அதன் பிறகு எந்த வேலையாகப் பட்டணம் போனாலும் இவர் அந்தக் கடையை எட்டிப் பார்க்காமல் வரமாட்டார். வீட்டுக்குள் நுழைந்து கால் கழுவ நான் தண்ணீர்ச் செம்பை வைக்கும்போது, என்னைப் பார்க்காமல், "வரல," என்பார்.

"இன்னாடா வரல?" என்பார் மாமியார்.

"ஒண்ணுமில்லமா. ஒரு சாமான்."

பதினோரு பேர் இருக்கிற வீட்டில் அந்த ஒரு சொல் எனக்கு மட்டும். அதைக் கேட்பதற்காகவே அவர் பட்டணம் போகிற நாட்களை எண்ணிக்கொண்டிருப்பேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும், இன்றைக்கு அந்தச் சொல் வராமல் இருக்காதா என்றுதான் செம்பைக் கொண்டு போய் வைப்பேன்.

காலையில் கறுப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தனியாகப் போவார். நான் அடுப்படியில் கூழ் கிண்டிக்கொண்டிருப்பேன். எப்போதாவது வேட்டுச் சத்தம் கேட்கும். கிழக்கே கேட்டால் மடைப் பக்கம், பாம்பாக இருக்கும். வடக்கே கேட்டால் கடலைக்கொல்லை, நரி. அடுத்த நிமிஷம் அவர் நிற்கிறாரா விழுந்துவிட்டாரா என்று தெரியாது. அவர் வாசலில் மண்வெட்டியைச் சாத்துகிற சத்தம் கேட்கும்வரை என் கை துடுப்பைச் சுற்றிக்கொண்டேயிருக்கும். கூழ் அடிபிடித்த நாட்கள் உண்டு. நிலத்தை நான் இப்படிக் காதால்தான் தெரிந்துவைத்திருந்தேன். பெண் பிறந்தாள். அவள் நடக்க ஆரம்பித்தாள். கப்பல் வரவில்லை.

கப்பலுக்கு முன்னால் சர்க்கார் ஆட்கள் வந்தார்கள். ஆவடியில் பட்டாளத்துக்கு இடம் போதவில்லை என்று சங்கிலி போட்டு அளந்து, வரப்பில் சிவப்புக் கொடி நட்டார்கள். எங்கள் ஆறு காணியும் அதற்குள் போய்விட்டது. கடலையைப் பிடுங்கிக்கொள்ள மட்டும் தவணை கொடுத்தார்கள்.

ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் விடியற்காலை. நான் கொட்டிலில் சாணி வாரிக்கொண்டிருந்தேன். இவர் மண்வெட்டி இல்லாமல் வந்து நின்றார். கறுப்பு இடுப்பில் இருந்தது.

"வா," என்றார்.

மாமியார் கோழிக் கூடையைத் திறந்துகொண்டிருந்தார். "எங்கடா இட்டுக்கினு போற அவள?"

"கொல்லிக்கி."

"அங்க இன்னா கீது இன்னமே?"

"ஒண்ணுமில்ல. சும்மா சுத்திட்டு வர்றோம்."

மாமியார் வந்து, கொட்டில் ஓரமாக நின்றிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

வரப்பில் ஒருவர்தான் நடக்க முடியும். அவர் முன்னால் போனார், நான் பின்னால் போனேன். பத்தடி விடவில்லை. மடையண்டை நின்று, "இங்கதான் ஒரு பெரிய விரியன சுட்டேன்," என்றார். சவுக்கு ஓரமாக ஒரு வளையைக் காலால் காட்டி, "நரி இதுல குட்டி போட்டுச்சி. ரெண்டு மாசம் இந்தப் பக்கம் சுடல," என்றார். வடக்கே சத்தம் வராத அந்த இரண்டு மாதம் எனக்கு நினைவிருந்தது, காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. கடலை பிடுங்கின மண் காலுக்கு மெத்தென்று இருந்தது. அவர் காட்டக் காட்ட நான் பார்த்தேன். பார்த்ததை விட அவர் பேசுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சுற்றி முடித்து வீட்டுப் பக்கம் திரும்புகிற இடத்தில், "இன்னொரு சுத்து போலாங்க," என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு வந்த வழியே போகாமல் ஏரிப் பக்கமாக, நீளமான வரப்பில் இறங்கினார். மெதுவாகத்தான் நடந்தார். கொடி நட்டவர்கள் இரண்டு பேர் கரை மேல் பல் துலக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நடந்தேன்.

மூன்றாவது சுற்றும் கேட்டிருப்பேன். மாடு கத்த ஆரம்பித்துவிட்டது, பால் கறக்க வேண்டும்.