பத்து லட்சத்து ஒன்று

தொண்ணூறுகளில் ஸ்ரீவைகுண்டத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தவர் கணக்கு வாத்தியார். நானும் கணக்குதான் படித்தேன் என்றதும், "பத்து லட்சத்தி ஒண்ணு எதாலயும் வகுபடாத பகா எண், தெரியுமா?" என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காபி கொடுக்கும்போதும் மனசுக்குள் ஏழால், பதினொன்றால், பதின்மூன்றால் வகுத்துக்கொண்டே இருந்தேன். மீதி வந்துகொண்டே இருந்தது.

அவருடைய அம்மா சீர் பேச ஆரம்பித்தார். "முறுக்கு நூறா வைக்கப்படாது. நூத்தியொண்ணா வைங்க."

நூற்றியொன்றால் வகுத்தேன். மீதியே இல்லை.

சொன்னால் சம்பந்தம் முறியலாம். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "அது பகா எண் இல்ல. நூத்தியொண்ணால வகுபடுது."

அப்பா முறைத்தார். மாப்பிள்ளை உள்ளங்கையில் விரலால் வகுத்துப் பார்த்தார்.

"ஆமா, வகுபடுது. நாளைக்கு வகுப்புல பிள்ளைகள்ட்ட மாத்திச் சொல்லணும்."

அதுவரை குனிந்தே இருந்தவள், அப்போதுதான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.