தாண்டிக்குடி மலையில் சூடு தெரியாத ஒரு கை

எனக்கு அறுபத்தெட்டு வயது. எழுதப் படிக்கக் கற்று இரண்டு வருடம் ஆகிறது. தொழுநோயில் விரல்கள் மடங்கிப்போனதால் பென்சிலைத் தலைகீழாகப் பிடித்து கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன். ஒரு பத்தி முடிந்ததும் டீ குடித்துவிட்டு வந்து அதையே நாலு தடவை படிப்பேன். நான் எழுதியதை நானே படிக்கிற சுகத்தைச் சொல்லி முடியாது. இங்கே எழுதப்போகும் பயணம் மட்டும் அத்தனை சுகமானதல்ல.

2007 மாசியில் செல்வி என்ற பெண் பழனியில் எங்கள் குடியிருப்புக்கு வந்தார். நர்ஸ் வேலை பார்த்தவர். ஜனங்கள் இந்த நோய்க்கு ஏன் கை கால் கெட்ட பிறகே வைத்தியத்துக்கு வருகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறார். நாட்டில் நோய் ஒழிந்துவிட்டது என்று அறிவித்த பிறகு எங்கள் பக்கம் வீடு வீடாக வந்து தோலைப் பார்ப்பவர்கள் யாருமில்லை. “நீங்க கூட வந்தா பேசுவாங்கய்யா, என்னைய கண்டா கதவ சாத்துறாங்க” என்றார். குணமாகி இருபது வருடமான கையைக் காட்டிப் பேச நானும் ஒப்புக்கொண்டேன்.

காலை ஆறு மணிக்குப் பழனியில் கொடைக்கானல் பஸ். போர்டை நானே படித்து ஏறினேன். பெருமாள்மலையில் இறங்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், இரண்டரை மணி நேரம். வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். அங்கிருந்து வத்தலக்குண்டு பஸ்ஸில் ஊத்து என்ற ஊர், அங்கே பஸ் மாறித் தாண்டிக்குடி. அதற்குமேல் ஜீப்தான்.

ஜீப்பில் முன்னால் உட்கார்ந்தேன். டிரைவர் என் கையைப் பார்த்தார்.

“பெருசு, பின்னால போயிருங்க. முன்னால ஆள் வருது.”

ஆள் யாரும் வரவில்லை. முன் சீட்டு காலியாகவே மேடேறியது. செல்வி கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். “விடும்மா, பின்னால காத்து நல்லா வருது” என்றேன். காபித் தோட்டங்களுக்கு நடுவே பாதை செங்குத்தாகப் போகிறது. இடுப்பு வலி உள்ளவர்கள் யோசித்து ஏறவும்.

இறங்கிய இடத்தில் ஒரு டீக்கடை. நடத்துகிற பெண்ணை மாரியாயி என்று சொல்கிறேன். அது உண்மைப் பெயரல்ல. கடை இருக்கும் இடத்தையும் சில அடையாளங்களையும் அவர் சம்மதத்தோடு மாற்றியிருக்கிறேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் குடும்பத்தோடு வந்தவர். புருஷன் இறந்துவிட்டார். அந்தக் கடையில்தான் சோறு.

“தேத்தண்ணி குடிங்கய்யா” என்று சொல்லிக்கொண்டே கொதிக்கிற பால் சட்டியை வெறும் கையால் தூக்கினார். துணியும் இல்லை, இடுக்கியும் இல்லை.

பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் பக்கத்திலிருந்தவரை இடித்தார். “ஏலே, அக்கா கைய பாத்தியா? உம்பொண்டாட்டி அகப்பைய தொட்டாலே அலறுறா.”

“எம்பொண்டாட்டி அலறுறது அகப்பைக்கு இல்ல, என்னைய பாத்து” என்றார் மற்றவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“நெருப்புல பழகுன கை” என்று மாரியாயியும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய சுண்டுவிரலில் கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. செல்வியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெஞ்சு காலியாகும்வரை காத்திருந்தோம். பிறகு செல்வி மெதுவாகக் கேட்டார். “அக்கா, அந்த வெரலு எப்பருந்து மரத்துக் கெடக்கு?”

“போன மழைக்காலத்துலருந்து. குளிரு. இங்க எல்லாருக்கும் மரத்துத்தான் போகும்.”

நான் என் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தேன். “நானும் முதல்ல குளிருன்னுதான் நெனச்சேன் ஆத்தா” என்றேன். மாரியாயி என் விரல்களைப் பார்த்துவிட்டு, தானே எழுந்து எங்களைக் கடைக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. செல்வி பஞ்சைத் திரித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சு பட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். தோளில் தொட்டார், சரியாகக் காட்டினார். மேல்கையில் தொட்டார், சரி. தேமலில் தொட்டதும் மாரியாயி கொஞ்சம் தாமதித்து வேறெங்கோ காட்டினார். செல்வி கையை எடுத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

“இந்தா, இங்க” என்று மாரியாயி காட்டினார். “இப்ப இங்க.”

“நான் தொடலக்கா” என்றார் செல்வி.

மாரியாயி கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. “எங்கப்பாவ இதுக்குத்தான் தோட்டத்து லயத்து வீட்ட விட்டு வெரட்டுனாங்க. இது தெரிஞ்சா எங்கடையில ஒரு மனுசன் தேத்தண்ணி குடிப்பானா?”

மாத்திரை இலவசம், சாப்பிட ஆரம்பித்தால் பிறருக்குப் பரவாது, விட்டால் கை மடங்கும் என்றெல்லாம் செல்வி சொன்னார். இங்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தியில் மலைக்கே தெரிந்துவிடும் என்றார் மாரியாயி. இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். செல்வி ஆராய்ந்துகொண்டிருந்த கேள்விக்குப் பதில் அந்தப் பின்கட்டில் நின்று அழுதது.

வழியை மாரியாயியே கண்டுபிடித்தார். “மாத்திரை அட்டை எத்தன நாளைக்கு வரும்?”

“இருபத்தெட்டு நாள்.”

“கிருத்திகையும் அப்படித்தான வருது. முருகனுக்கு நேந்திருக்கேன், மாசாமாசம் பழனிக்குப் போறேன்னு சொல்லிர்றேன். அங்க வந்து வாங்கிக்கிறேன்.”

இதுவரை மூன்று கிருத்திகை வந்துவிட்டார். பழனி ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து நோயை உறுதி செய்து மாத்திரை கொடுக்கிறார். மாத்திரை தவறுவதில்லை. ஆனால் செத்த உணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாவது முறை வந்தபோது இன்னொரு விரலிலும் கொப்புளம்.

“துணி பிடிச்சுத் தூக்கச் சொன்னோமே ஆத்தா?”

“பிடிச்சேன்யா. ‘என்னக்கா, புதுசா துணி? கைக்கு என்ன?’ன்னு அத்தன பேரும் கேட்டாங்க. மறுநாளே எடுத்து வச்சிட்டேன்.”

நோய் போய்விடும். கையை அவர் தினமும் தெரிந்தே சுட்டுக்கொள்கிறார்.

போக விரும்புகிறவர்களுக்கு: சாயங்காலம் நாலு மணிக்குள் ஜீப் பிடித்துக் கீழே இறங்கிவிடுங்கள். குடை வேண்டும். அரிக்காத, தொட்டால் தெரியாத தேமல் உங்கள் உடம்பில் இருந்தால் எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் காட்டலாம், காசில்லை.

இன்னொன்று. மலையில் டீ வாங்கும்போது டம்ளரைக் கைக்குட்டையால் பிடியுங்கள். “யப்பா, என்னா சூடு, நீங்களும் ஒரு துணி வச்சுக்கங்க” என்று பெஞ்சில் இருப்பவர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள். நாலு பேர் சொன்னால் துணி பிடிப்பது வழக்கமாகிவிடும், ஏன் என்று எவரும் கேட்க மாட்டார்கள். எந்தக் கடை என்று நான் சொல்லப்போவதில்லை. அதனால் எல்லாக் கடையிலும் செய்யுங்கள்.