மதுரைக்கு 978

இயற்பியல் செய்முறைத் தேர்வில் எனக்கு அடுத்த மேசை அவளுடையது. ஒல்லியான உருவம். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள். நாங்கள் ஊசலின் ஆட்டத்தை மனதுக்குள் எண்ணினோம். அவள் மட்டும் வாய்விட்டு எண்ணினாள், யார் அதட்டியும் நிறுத்தவில்லை.

நூலின் நீளத்தையும் அதில் தொங்கும் குண்டு ஆடும் நேரத்தையும் அளந்தால், பூமி ஒவ்வொரு கிராமையும் எவ்வளவு வலுவாக இழுக்கிறது என்று கணக்கிடலாம். லண்டனில் அச்சான எங்கள் புத்தகத்தில் விடை 981. எங்களுக்கு எது வந்தாலும் கடைசியில் 981 ஆக்கிவிடுவது வழக்கம். அவள் 978 என்று எழுதியிருந்தாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அவள் தாளைத் தட்டினார். “அடிச்சுட்டு எழுதும்மா. வெள்ளைக்காரன் தப்பாவா எழுதுவான்?”

“அவன் ஊருக்குச் சரியாத்தான் எழுதியிருக்கான் சார். பூமி நடுவுல புடைச்சிருக்கு. லண்டனை விட நம்ம ஊரு மையத்துலருந்து தள்ளியிருக்கு. அங்க அம்புட்டு இழுக்கும், இங்க இம்புட்டுத்தான்.”

“மார்க் போயிரும்.”

“போகட்டும் சார். நான் குண்டைத் தொங்கவிட்டது மதுரையில.”

அவர் முகம் சிவந்தது. தம் கண்முன் மறுபடி செய்யச் சொன்னார். அவள் முன்னைவிட உரக்க எண்ணினாள். கணக்கை அவரே போட்டார். 978.

அவர் பென்சிலைக் கீழே வைத்ததும் அவள் எங்கள் பக்கம் கையைக் காட்டினாள். “981 வந்தவுக எல்லாம் எந்த ஊர்ல தொங்கவிட்டாகன்னு கேளுங்க சார்.”

அவளுக்கு எவ்வளவு மார்க் விழுந்ததோ, தெரியாது. இன்றும் 981 என்று எங்கே அச்சில் கண்டாலும், ‘எந்த ஊரில்?’ என்று கேட்க என் வாய் துறுதுறுக்கிறது.