டீச்சருக்கு அப்பா வாங்கிக் கொடுத்த விருது

எங்கள் அப்பாவுக்கு வாயால் நன்றி சொல்ல வராது. யாராவது உதவி செய்தால் வாழைத்தார் ஒன்றை அவர்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். அண்ணனின் டீச்சருக்கு மட்டும் வாழைத்தார் போதாது என்று அவருக்கே பட்டுவிட்டது.

அண்ணனுக்கு ஆட்டிசம். ஒன்பது வயதாகியும் பேச்சில்லை. நாங்கள் குடியிருந்த செம்பனைத் தோட்டத்தில் மந்திரிக்கச் சொன்னவர்கள்தான் அதிகம். பக்கத்து டவுன் சிரம்பானில் ஒரு பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்த்தோம். அவன் மோட்டாரைவிட்டு இறங்கவே மாட்டான். டீச்சர் தினமும் வாசலுக்கு வருவார். அவனாக இறங்கும்வரை, மழையென்றால் குடையோடு, பேசாமல் நிற்பார். இரண்டாம் வருஷம் ஒரு நாள் வீட்டில் அவன் "அம்மா, தண்ணி" என்றான். அம்மா தண்ணீர் கொடுக்க மறந்து அழுதுகொண்டு நின்றார்.

சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கு விருது கொடுக்கப் போகிறார்கள், பெற்றோரும் பரிந்துரைக்கலாம் என்று கேள்விப்பட்டதும் அப்பாவுக்குச் சாமி வந்துவிட்டது. செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்த கையோடு, மற்றப் பிள்ளைகளின் வீடுகளைத் தேடி மம்பாவ் வரைக்கும் அலைந்தார். எழுத வராதவர்கள் சொல்லச் சொல்ல இவரே எழுதினார்.

விருது கிடைத்தது. டீச்சர் மேடையேறியபோது அப்பா விசிலடித்தார். அம்மா அவர் தொடையைக் கிள்ளினார். அதற்குப் பிறகு அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தான்தான் எழுதிக் கொடுத்ததாகப் பீற்றிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் டீச்சருக்குப் பதவி உயர்வு வந்தது. கோலாலம்பூருக்குப் போய் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. விடைபெற எங்கள் வீட்டுக்கு வந்தவர் அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க எழுதிக் கொடுக்கலன்னா எனக்கு இதெல்லாம் கிடைச்சிருக்காது அண்ணே."

மனசாரத்தான் சொன்னார். அப்பா அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் டீச்சருக்குத் தேநீர் போடச் சொன்னார்.

புதிதாக வந்தவரும் நல்லவர்தான். வகுப்பில் அத்தனை பிள்ளைகளை விட்டுவிட்டு அவரால் வாசலுக்கு வர முடியவில்லை, அவ்வளவுதான். அண்ணன் அப்பாவின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மோட்டாரிலேயே உட்கார்ந்திருந்தான். சில வாரங்களில் அவன் பள்ளிக்கூடம் போவது நின்றது. மெல்ல மெல்லப் பேச்சும் நின்றது. திரும்ப வரவேயில்லை. வினையை விலை கொடுத்து வாங்குவது என்பார்களே, நாங்கள் நன்றியைக் கொடுத்து வாங்கினோம்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஒரு நாள் அப்பாவிடம் போய் நின்றேன்.

"டீச்சர திருப்பி அனுப்பச் சொல்லி இன்னொன்னு எழுதுங்கப்பா. உங்களுக்குத்தான் நல்லா எழுத வருமே."

அப்பா எழுந்து பின்பக்கம் போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் எழுதின மனுஷனுக்கு, சொந்தப் பிள்ளைக்கு ஒரு தாள் எழுத என்ன சோம்பல் என்று எனக்கு ஒரே ஆத்திரம். அன்று முழுக்க நான் அவரோடு பேசவே இல்லை.