ஐம்பது அடியும் ஒன்றரை மைலும்

ஏலமலையில் சாந்தன்பாறைக்கு மேலே கபிரியேல் குடியேறிய 1951இல் அங்கே மூன்றே வீடுகள். மூன்றையும் ஒரே ஒற்றையடிப் பாதை கோத்திருந்தது. ஆறு வருடத்தில் வீடுகள் பதினான்காயின. பாதைகளும் பதினான்கு. ஒவ்வொன்றும் கீழே ஜீப் ரோட்டில் பிரிந்து ஒரே ஒரு வாசலில் வந்து முடிந்தது. ஊர் பெருகப் பெருகப் பக்கத்து வீடு தூரமாகிக்கொண்டே போனது.

இதில் கபிரியேலின் பங்கு பெரிது. புதிதாக வருகிறவர்களுக்குக் கயிறு பிடித்து எல்லை அளந்து கொடுத்தவர் அவர்தான். "குறுக்கால ஒருத்தனையும் நடக்க விட்றாதிய. நாலு வருசம் நடந்தாம்னா பாதை எனக்குன்னு நிப்பான்" என்பது அவர் இலவசமாகச் சேர்த்துத் தந்த அறிவுரை. பட்டா யாரிடமும் இல்லை. இல்லாத உரிமை பறிபோய்விடுமோ என்ற பயம் மட்டும் எல்லோரிடமும் இருந்தது.

அடுத்த தோட்டக்காரர் குஞ்சு முகம்மது, பாலக்காட்டிலிருந்து வந்த வியாபாரி. இருவரும் தினமும் முள்கம்பிக்கு இருபுறமும் நின்று பேசுவார்கள். பீடி வேலியைத் தாண்டும், கால் தாண்டாது. தன் மகள் அன்னமேரி அங்கே ஏலக்காய் உலர்த்தும் வேலைக்குப் போனபோதும், ரோட்டுக்கு இறங்கித்தான் ஏற வேண்டும் என்றார் கபிரியேல். ஐம்பது அடிக்குப் பதில் ஒன்றரை மைல்.

1957 நவம்பரில் ஒரு பிற்பகல். குஞ்சு முகம்மதுவின் உலர்த்தும் அறையில் அடுப்புச் சூடு இறங்காதிருக்கக் கதவை வெளியே தாழிடுவது வழக்கம். உள்ளே காயைக் கிளறுகிறவர் தட்டினால் வெளியே நிற்பவர் திறப்பார். அன்னமேரி உள்ளே இருந்தாள். கீழே ஜீப் ஹாரன் கேட்டதும், சாக்கு வாங்கி வந்துவிடலாம் என்று குஞ்சு முகம்மது இறங்கிப் போனார்.

புல்கூரையில் புகை எழுந்ததைக் கபிரியேல் தன் முற்றத்திலிருந்து பார்த்தார். கதவு தட்டும் சத்தமும் கேட்டது. பழகிய கால்கள் ரோட்டை நோக்கி இருபது அடி ஓடிவிட்டன. பிறகுதான் திரும்பினார்.

ஐந்து வரிசைக் கம்பி. அவரே முறுக்கிக் கட்டியது. இடுப்பிலிருந்து உருவிய வெட்டுக்கத்தி அதில் பட்டுத் துள்ளியது. தூணை வெட்டினார். அதையும் ஆழமாகத்தான் நட்டிருந்தார். மூன்றாம் வெட்டில் கூரை பற்றிக்கொண்டது. ஆறாம் வெட்டில் தட்டும் சத்தம் நின்றது.

"மேரி! தட்டு புள்ள! தட்டிக்கிட்டே இரி!"

தூண் சாய்ந்தது. கம்பியில் வேட்டியையும் தொடைச் சதையையும் கொஞ்சம் விட்டுவிட்டு ஓடித் தாழை இழுத்தார். கதவிடுக்கில் மூக்கை வைத்துக் குப்புறக் கிடந்தாள். வெளியே இழுத்துப் போட்டதும் இருமினாள். இருமலைக் கேட்டு வேறு எந்த மனிதரும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க முடியாது.

குஞ்சு முகம்மது மூச்சிரைக்க ரோட்டிலிருந்து ஏறி வந்து அவளருகே உட்கார்ந்துவிட்டார். "புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்களே? நான் பாவி, தாழைப் போட்டுட்டுப் போயிட்டனுங்க." கொஞ்ச நேரம் கழித்து, சாய்ந்த தூணைப் பார்த்தார். "ஏனுங்க கபிரியேலு... இந்த வழி இன்னிக்கு மட்டுந்தானுங்களே?"

கபிரியேல் பதில் சொல்வதற்குள் அன்னமேரி எழுந்து நின்றாள். "அப்பா, நான் வீட்டுக்குப் போவணும். ரோட்டச் சுத்தியா போவச் சொல்லுதிய?"

அவள் இடைவெளி வழியாகவே போனாள்.

மறுவாரம் இருவரும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டார்கள்: வேலியில் உள்ள அந்த இடைவெளி வழியல்ல, அதில் யாருக்கும் எந்தப் பாத்தியதையும் இல்லை. அந்த வழியல்லாத இடத்தின் வழியே அன்னமேரி தினமும் வேலைக்குப் போய்வந்தாள்.