சாம்பியன் ரீப்ஸில் கொடுத்த ஆதார் அட்டை

காலை எட்டு மணிக்கு பங்காரப்பேட்டையில் மாரிகுப்பம் ரயில் ஏறினேன். டிக்கெட் பத்து ரூபாய். எதிரே பெங்களூருக்குப் போகும் ரயிலில் நிற்க இடமில்லை. என் பெட்டியில் ஆறேழு பேர்தான். எதிரில் இருந்தவர் என் கையில் சுற்றியிருந்த கட்டுத்துணியையே பார்த்தார்.

"இன்னா, ஆள் எடுக்க வந்தியா?"

"இல்ல. ஒருத்தரப் பாக்கணும்."

"முன்னாடி ஆள் எடுக்க வந்தவனுங்களும் இப்டித்தான் சொன்னானுங்க." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் சென்னை காசிமேட்டு மீனவன். மேற்குக் கரையில் ஒரு படகில் மாட்டிக்கொண்டேன். தடை செய்த இரட்டைமடி வலை. பிடித்த மீனை நடுக்கடலில் வேறு படகு வந்து ஏற்றிப்போகும். கரையில் அந்தப் படகு பிடித்த மீன் என்றே விற்பார்கள். எங்கள் படகு கரைக்கு வராது. நாங்களும்தான். ஆதார் அட்டையெல்லாம் முதலாளியிடம். கை நசுங்கியதால் என்னை மட்டும் மீன் ஏற்ற வந்த படகில் கரைக்கு அனுப்பினார்கள். கூட இருந்த கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல், யேசுதாஸ் ஒன்றுதான் சொன்னான்: "என் மச்சான் அந்தோணியையும் கொண்டாரானுங்களாம். போய் நிறுத்து."

சாம்பியன் ரீப்ஸில் இறங்கி, மூடிய தங்கச் சுரங்கத்தின் மண்மேட்டை ஒட்டி நடந்தேன். யேசுதாஸின் மனைவி ஸ்டெல்லா கதவைப் பாதிதான் திறந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"போன்ல நல்லாருக்கேன்னாரே?"

"பக்கத்துல ஆள் நின்னிருக்கும்."

உள்ளே அவள் தம்பி அந்தோணி சிரித்தான். "அக்கா, இவரு வேற ஏஜெண்டோட ஆளு. நம்ம ஏஜெண்டு கமிஷனக் கெடுக்க வந்துருக்காரு."

அவன் பை தயாராக இருந்தது. சாயந்திர ரயில்.

"ஆதார் எங்க?" என்றேன்.

"ஏஜெண்டுகிட்ட."

"ஏன் குடுத்த?"

ஸ்டெல்லா சொன்னாள்: "மைன்ஸ்ல எங்கப்பா டோக்கனக் குடுத்துட்டுத்தான் கேஜ்ல, அந்த லிஃப்ட்ல, எறங்குவாரு. மேல வந்தா திருப்பிக் குடுப்பாங்க. யார் கீழ இருக்காங்கன்னு தெரியணும்ல? வேலைன்னா அப்டித்தானேண்ணா?"

"அப்ப போய்த் திருப்பிக் கேளு. குடுத்தா நீ போ. நான் தடுக்கல," என்றேன் அந்தோணியிடம்.

அந்தோணி பக்கத்துக் கோரமண்டல் பகுதியில் இருந்த ஏஜெண்டிடம் போனான். ஸ்டெல்லா காபி கொடுத்தாள். உட்காரவில்லை. என் கையைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றாள்.

ஒரு மணிக்கு அவன் வந்தான். "கார்டு நேத்தே மங்களூர் போயிட்ச்சாம்."

"ஆள் இங்க இருக்கான். டோக்கன் ஏன் முன்னாடி போச்சு?" என்றாள் ஸ்டெல்லா.

பையைக் கவிழ்த்துத் துணிகளைக் கொட்டினாள். பிறகு என்னைக் கேட்டாள்: "அப்ப அவரு?"

மூவரும் போலீஸ் ஸ்டேஷன் போய் எல்லாம் சொன்னோம். எழுதிக்கொண்ட போலீஸ்காரர் ஏஜெண்டின் பெயரை மட்டும் இரண்டு முறை கேட்டார். ஏஜெண்டைத் தெரிந்தவர்போல் இருந்தது; எனக்கு அது பிடிக்கவில்லை.

எங்கள் காசிமேட்டில் படகு வர நேரமானால் கரையில் கூட்டம் கூடிவிடும். யேசுதாஸ் இருக்கும் படகுக்குக் கரையே இல்லை.

சாயந்திரம் அந்தோணி போக இருந்த அதே ரயிலில் நான் ஏறினேன். அவன் பிளாட்பாரத்தில் நின்றான். கடைசி நேரத்தில் ஏறிவிடுவானோ என்று, ரயில் கிளம்பி வேகம் எடுக்கும்வரை அவனைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.