தானே சூடேறிய கார்

தை மாதத்து ரொறன்ரோவில் காலை ஆறரைக்குக் காரில் ஏறுவது ஐஸ்பெட்டிக்குள் போய் உட்காருவது மாதிரி. ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்துவது கஷ்டம். போன குளிர்காலத்தில் சில நாட்களாக, நான் வாசலுக்கு வருமுன்பே என் கார் உறுமிக்கொண்டு நின்றது. கதவுகள் பூட்டியபடி, உள்ளே ஆளில்லை, இருக்கை மட்டும் இளஞ்சூடு. ஃபோனில் ஒரு பொத்தானைத் தட்டினால் எங்கிருந்தும் இயக்கக்கூடிய கார் அது. மனைவி தட்டியிருப்பாள் என்று நான் நினைத்தேன். நான் தட்டியிருப்பேன் என்று அவள் நினைத்தாள். கலியாணமாகி இத்தனை வருடத்தில் இருவரும் ஒருவரையொருவர் மனதுக்குள் மெச்சிக்கொண்ட காலம் அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு நாலு வீடு தள்ளி ஒருவருடைய கார் களவுபோனது. கண்ணாடி உடையவில்லை, சாவி வீட்டுக்குள்ளேயே இருந்தது. இந்தக் காலத்துக் கார் சக்கரம் வைத்த கம்பியூட்டர், அதற்குள் புகத் தெரிந்தவனுக்குச் சாவி எதற்கு என்றார் விசாரிக்க வந்த பொலிஸ்காரர். அன்றைக்குத்தான் மனைவியிடம் வாய்விட்டுக் கேட்டேன்.

"அப்ப காலமையில காரை நீர் போடுறேல்லையோ?"

"நீங்களும் இல்லையோ?" என்றாள் அவள்.

என் அக்காவின் கணவர், அத்தான், திருகோணமலைத் துறைமுகத்தடியில் வான் ஓட்டியவர். மீன் வாங்க இறங்கினால் பொனற்றைத் திறந்து, எஞ்சினில் ஒரு சின்னத் துண்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். "இனி ஒருத்தனும் கொண்டுபோக ஏலாது" என்பார். எண்ணெய்க் கறை பிடித்த அந்தச் சட்டைகளை அக்கா திட்டித் திட்டித் தோய்ப்பார். என் காரில் கழற்றிப் பைக்குள் போட எதுவும் இல்லை. வீட்டோடு ஒட்டிய கராஜில் கிடந்த பழைய சாமான்களை அப்புறப்படுத்தி, காரை உள்ளே விட்டுக் கதவை இறக்கினேன்.

மறுநாள் காலை, நச்சுப்புகையை அறியும் கருவி வீடு அதிர அலறியது. மூடிய கராஜுக்குள் கார் தானாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலேதான் மகளின் அறை. போர்வையோடு அவளைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலுடன் பனிக்குள் ஓடினேன். ஏன் வெளியே நிற்கிறோம் என்று அவள் நித்திரைக் கலக்கத்தில் கேட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்குக் காரை விற்ற இடத்தில் ஒரு பெண் அதன் கணக்கைக் கம்பியூட்டரில் திறந்து பார்த்து முகத்தைச் சுருக்கினாள். காரோடு இரண்டு ஃபோன்கள் இணைந்திருந்தன.

"இரண்டாவது ஸ்ரீலங்காவில் இருக்கிறது, ட்ரிங்கோமலீ. ஹாக்கர்கள் இப்படித் தூர இடத்திலிருந்துதான் வருவார்கள். அங்கே யாரையாவது தெரியுமா?"

"அங்கே எல்லாரையும் தெரியும்" என்றேன். அவள் என்னையே கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தாள்.

ஆவணியில் ஊருக்குப் போயிருந்தபோது, திருகோணமலை அன்புவழிபுரத்தில் அக்கா வீட்டு விறாந்தையில் இருந்து இந்தக் காரைப் பற்றி அளந்தவன் நான்தான். என் ஃபோனில் சார்ஜ் இல்லாததால் அக்காவின் ஃபோனில் என் கணக்கைத் திறந்து, எந்தப் பொத்தான் காரைச் சூடாக்கும் என்றும் காட்டினேன். எங்கள் வீட்டில் ஃபோன் பொதுச்சொத்து. திறந்ததை யாரும் மூடுவதில்லை, நானும் மூடவில்லை.

அக்காவுக்கு அழைத்து, காரைப் போட்டது அவரா என்று கேட்டேன்.

"ஓம் தம்பி, நான்தான். பின்னேரம் தேத்தண்ணி வைக்கேக்க அந்தப் பொத்தானை ஒருக்கா அமத்திவிடுறனான். இஞ்ச அஞ்சு மணி எண்டா அங்க விடியுது எல்லோ? விறைச்ச காருக்க நீ ஏறப்போறாய் எண்டு நினைக்க எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு."

"ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"இதுக்கெல்லாம் சொல்லுறதே?"

கராஜில் நடந்ததைச் சொன்னால் அக்கா சாப்பிடமாட்டார். மகளை வீடியோவில் காணும்போதெல்லாம் அழுவார். "கொம்பனிக்காரர் இதை நிப்பாட்டப்போறாங்களாம் அக்கா" என்று பொய் சொன்னேன். பேசி முடிந்ததும் கணக்கிலிருந்து அவருடைய ஃபோனை நீக்கி, கடவுச்சொல்லையும் மாற்றினேன். மகளை நினைத்தால் செய்தது சரி. ஆனாலும் மனம் கேட்கவில்லை.

மறுநாள் ஆறரைக்குக் காரடியில் நின்றபோது ஃபோனில் ஓர் எச்சரிக்கை வந்தது. திருகோணமலையிலிருந்து ஒருவர் உங்கள் காருக்குள் நுழைய முயல்கிறார், அது நீங்களா என்று கேட்டது. ஆம், இல்லை என்று கீழே இரண்டு பொத்தான்கள். 'இல்லை'யை அழுத்தினேன்.

இரண்டு நிமிடத்தில் மறுபடியும் அதே கேள்வி வந்தது.